வாணியும் மனோன்மணியும்

பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட செய்யுள் நாடகம் 'மனோன்மணீயம்'. லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதைப்பாட்டு ஒன்றைத் தழுவியது அது. தலைவி மனோன்மணியே; எனினும் நெஞ்சுரத்தால் நம் கருத்தை ஈர்ப்பவள் அவள் தோழி வாணி.

வாணியின் தந்தை சகடன் பொருளாசை மிக்கவன். அமைச்சன் குடிலனின் மகன் பலதேவனுக்கு அவளைக் கொடுக்க முனைகின்றான். நடராசனை விரும்பிய வாணியோ தந்தை சொல்லுக்கும் இசையாள். மன்னன் சொல்லுக்கும் இசையாள். இத்துணிவு எங்கிருந்து வந்தது? மகளை விலை பேசும் வீட்டில், தன் மனத்தைத் தானே காத்துக்கொள்வதன்றி வேறு அரண் ஏது?

மனோன்மணியின் நிலை வேறு. பாண்டியன் சீவகனின் ஒரே மகள். அன்பில் திளைத்து வளர்ந்தவள். அவ்வன்பே அவளுக்கு விலங்காகின்றது. போரில் தோற்று மனமுடைந்த தந்தை பலதேவனை மணக்கச் சொன்னபோது, கனவிற் கண்ட காதலனை நெஞ்சில் வைத்துக்கொண்டே இசைகின்றாள். அப்போதும் ஒன்று வேண்டுகின்றாள்: வாணியை நடராசனுக்கு மணமுடிக்க வேண்டும். தான் கைவிட்ட உரிமையைத் தோழிக்குக் கேட்கும் இவளை வெறும் பணிவுடையாள் என்று தள்ளுதல் பொருந்தாது.

அதே 1891-இல்தான், சிறுமியரின் இசைவு வயதை 10-லிருந்து 12 ஆக உயர்த்திய சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவில் கடும் எதிர்ப்பினிடையே நிறைவேறிற்று. அத்தகைய காலத்தில், தந்தை தேர்ந்த மணமகனை ஒரு பெண் மறுப்பதாக எழுதியது சிறு செயலன்று.

பினாங்குப் பள்ளி மேடைக்கென இந்நாடகத்தைச் சுருக்கும் ஆசிரியர், வாணியின் காட்சிகளைக் கிளைக்கதை என்று வெட்டிவிடலாகாது. அவை போயின், மனோன்மணியின் வேண்டுகோளும் பொருளற்றுப் போகும்.