மரத்துப்போகும் விரல்கள்

நள்ளிரவில் கை மரத்துப்போய் விழித்துக்கொள்வோர் பலர். நாலைந்து முறை உதறியதும் கை பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. கையின் மீது படுத்துவிட்டோம் என்று எண்ணி மீண்டும் உறங்கிவிடுகின்றனர். ஆனால் வாரத்தில் பல இரவுகள் இவ்வாறு நேர்ந்தால் அதனைப் புறக்கணித்தல் கூடாது. ‘கார்பல் டனல் சிண்ட்ரோம்’ என மருத்துவர்கள் கூறும் மணிக்கட்டு நரம்பு அழுத்தமாக அது இருக்கலாம்.

நரம்பு அழுந்துவது எங்கே?

மணிக்கட்டில் சிறு எலும்புகளும் தடித்த நார்ப்பட்டை ஒன்றும் சேர்ந்து குறுகிய சுரங்கம் போன்ற பாதையை அமைக்கின்றன. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் என்னும் நரம்பும் அதன் வழியே உள்ளங்கைக்குச் செல்கின்றன. தசைநாண்களின் உறை வீங்கினால் இடம் குறைந்து நரம்பு அழுந்துகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் ஒரு பாதி ஆகியவை மரத்துப்போகின்றன. சுண்டுவிரலுக்குச் செல்வது வேறு நரம்பு. ஆதலால் அது பெரும்பாலும் தப்பிவிடுகிறது.

ஆண்களைவிடப் பெண்களிடமே இத்தொல்லை மிகுதி. சர்க்கரை நோய், தைராய்டு சுரப்புக் குறைவு, முடக்குவாதம், உடற்பருமன் ஆகியவை இதற்கு வழிவகுக்கும். கர்ப்ப காலத்தில் தோன்றுவது பெரும்பாலும் மகப்பேற்றுக்குப் பின் தணிந்துவிடும். கருவியை இறுகப் பற்றி ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் தொழிலாளர்களுக்கும் இது வருவதுண்டு. தையல், தச்சு போன்ற தொழில் செய்வோருக்குக் கையே மூலதனம் அன்றோ?

வீட்டிலேயே செய்யத்தக்கவை

முதலாவது, இரவுப் பட்டை. உறக்கத்தில் மணிக்கட்டு மடங்கும்போது நரம்பின் மீது அழுத்தம் கூடுகிறது. மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டையை இரவில் இறுக்கமின்றி அணிந்தால் அழுத்தம் குறையும். ஓரிரு நாளில் பலனை எதிர்பாராமல் 6 வாரமேனும் தொடர்ந்து அணிய வேண்டும்.

இரண்டாவது, வேலையில் மாற்றம். கணினியில் பணிபுரிவோர் விசைப்பலகையை முழங்கை உயரத்தில் வைத்து மணிக்கட்டை நேராக வைத்துக்கொள்ளலாம். கைப்பேசியை நெடுநேரம் மணிக்கட்டை மடக்கிப் பிடிப்பதையும் ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதையும் குறைப்பது நலம். இடையிடையே கைக்கு ஓய்வு தேவை.

மூன்றாவது, எளிய பயிற்சி. விரல்களை நேராக நீட்டவும். பின்னர் கொக்கி போல் வளைக்கவும். அடுத்து முழுமையாக மடக்கி மீண்டும் நீட்டவும். இதனை மெதுவாக ஐந்தாறு முறை செய்யலாம். மரமரப்பு கூடினால் நிறுத்திவிட வேண்டும்.

யோகாசனமும் ஓரளவு துணைபுரியும். ஐயங்கார் முறை யோகப் பயிற்சி குறித்து அமெரிக்காவில் 42 பேரிடம் 8 வாரம் நடந்த ஆய்வொன்று 1998இல் வெளியானது. பயிற்சி செய்தோருக்கு வலி குறைந்து கைப்பிடி வலுப்பட்டதாக அதில் தெரிந்தது. எனினும் அது சிறிய ஆய்வே. உள்ளங்கையை ஊன்றி உடல் எடையைத் தாங்கும் ஆசனங்களை இந்நிலையில் தவிர்ப்பது நன்று.

எண்ணெய் தடவி இதமாக நீவுவது ஆறுதல் தரலாம்; அழுத்தித் தேய்த்தல் கூடாது. நரம்புக்கு நல்லதென்று வைட்டமின் பி6 மாத்திரைகளைத் தாமாகவே உட்கொள்வதும் தவறு. அளவு மிகுந்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

எப்போது மருத்துவரை நாட வேண்டும்?

6 வாரத்தில் தணியாவிட்டாலும், பகலிலும் மரமரப்பு நீடித்தாலும், கையிலுள்ள பொருள் நழுவி விழுந்தாலும் மருத்துவரிடம் செல்ல வேண்டும். பொத்தான் போட இயலாமையும், பேனாவின் பிடி தளர்ந்து கையொப்பம் மாறுவதும் கவனிக்கத்தக்க அறிகுறிகளே. கட்டைவிரலின் அடிப்பகுதிச் சதை மெலிந்தால் ஒரு நாளும் தாமதித்தல் ஆகாது. மிகவும் மெலிந்துவிட்ட சதை, அறுவை சிகிச்சைக்குப் பிறகும் முழுமையாகத் திரும்பாமற் போகலாம்.

நரம்பின் செயல்பாட்டை அறியும் பரிசோதனை உண்டு. தேவைப்பட்டால் ஊசி மருந்து தரப்படும்; அல்லது நார்ப்பட்டையை விடுவிக்கும் அறுவை சிகிச்சை செய்யப்படும். பெரும்பாலானோர் அறுவை முடிந்த அன்றே வீடு திரும்பிவிடுகின்றனர்.

இரவில் விழிப்பு வரும்போது எந்தெந்த விரல்கள் மரத்தன என்பதைத் தேதியுடன் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விகளுள் அதுவும் ஒன்று.