உடுப்பை ஏற்றார்கள், சிலிண்டரை மறுத்தார்கள்

தென்கொரியாவின் ஜேஜு தீவில் சுழியோடிச் சிப்பியும் கடற்பாசியும் எடுத்துக் குடும்பத்தைத் தாங்கும் பெண்களை 'ஹேன்யோ' என்பர். முன்பு குளிர்காலத்திலும் பருத்தி உடுப்புடனேயே கடலில் இறங்கினர். உடல் விறைக்குமுன் கரையேறி நெருப்பருகே குளிர்காய வேண்டியிருந்தது.

1970களில் இறப்பர் உடுப்பு பரவியது. அது உடற்சூட்டைக் காத்ததால் பல மணிநேரம் உழைக்க முடிந்தது, வருமானமும் கூடியது. ஆனால் நீண்டநேரம் மூழ்கியோரைத் தலைவலியும் காதுநோயும் வாட்டின. கடல்வளமும் குறையும் என்ற அச்சம் எழுந்தது.

ஆகவே, உடுப்பை ஏற்ற பெண்கள் காற்றுச் சிலிண்டரை ஏற்கவில்லை. ஒரு மூச்சில் எடுக்கக்கூடியது போதும் என்பது அவர்களது கூட்டுக் கட்டுப்பாடு. 2016இல் யுனெஸ்கோ இப்பண்பாட்டை மானிட மரபுரிமையாக அங்கீகரித்தது.

சகோதரிகளே, தொழிலுக்கென எந்தக் கருவி வந்தாலும் வருமானத்தை மட்டும் பாராது, உடல் தாங்குமா என்பதையும் கூடிப்பேசித் தீர்மானிப்போம்.