74-ஆ, 21-ஆ?

புள்ளிகள் நிரம்பிய வட்டம், நடுவே ஓர் எண். பெரும்பாலோர் 74 என்பார்கள். சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு உள்ளவர் தயங்காமல் 21 என்பார். எழுத்துத் தேர்வில் தேறி, எஸ்.எஸ்.பி. தேர்வுக் குழுவின் ஐந்து நாள் சோதனையையும் தாண்டி, ராணுவ மருத்துவமனையில் மெடிக்கலுக்கு வந்து நிற்கும் பிள்ளைகளில் சிலருக்குத் தங்கள் கண்ணைப் பற்றித் தெரியவருவதே நிறப் பார்வைச் சோதனைப் புத்தகத்தின் இந்தப் பக்கத்தில்தான். கடக்வாஸ்லா தேசியப் பாதுகாப்பு அகாடமிக் கனவு அங்கேயே ஆட்டம் கண்டுவிடும்.

இந்தப் புத்தகம் பிறந்ததே படைக்கு ஆள் எடுக்கத்தான். ஜப்பானிய ராணுவ மருத்துவராக இருந்த ஷினோபு இஷிஹாரா 1917-இல் இதை வெளியிட்டார். முதல் பக்கத்து 12 எல்லோருக்கும் தெரியும். அடுத்த பக்கங்களில் புள்ளிகளின் அளவும் வெளிர்மையும் வேண்டுமென்றே தாறுமாறாக இருக்கும். நிறத்தை மட்டும் நம்பித்தான் எண்ணைப் பிரித்தெடுக்க முடியும். சில பக்கங்கள் இன்னும் குறும்பானவை: இயல்பான கண்ணுக்கு அங்கே ஒன்றுமே தெரியாது, குறைபாடு உள்ளவருக்கு எண் தெரியும்! மனப்பாடம் செய்துவிட்டுப் போகலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. பக்கத்தை மாற்றிப் புரட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இந்தக் குறை எப்படி வருகிறது? விழித்திரையில் மூன்று வகைக் கூம்பு செல்கள் உள்ளன. அவற்றில் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய உதவும் இரண்டு நிறமிகளின் மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி அச்சு அசலாக இருப்பதால், கருமுட்டை உருவாகும்போது அவை இடம் மாறிச் சேர்ந்து, ஒன்று தொலைந்துபோகலாம், அல்லது இரண்டும் கலந்த கலப்பு மரபணு உருவாகலாம். ஆணுக்கு இருப்பது ஒரே எக்ஸ், அதுவும் அம்மா கொடுத்தது. ஆகவே அப்பாவைக் குறை சொல்லிப் பயனில்லை. தாய்மாமனுக்கு இந்தக் குறை இருந்தால் மருமகனையும் பரிசோதிப்பது நல்லது. பிறவிக் குறை என்பதால் வயதோடு மாறாது. கடையில் விற்கும் நிறக் கண்ணாடி நிறங்களுக்கு இடையிலான வேறுபாட்டைத் தூக்கிக் காட்டலாம். இல்லாத கூம்பு செல்லைக் கொண்டுவராது.

ஆனாலும் 21 என்று படித்தவுடன் எல்லாக் கதவும் மூடிவிடுவதில்லை. நிறப் பார்வையைச் சி.பி. (கலர் பர்செப்ஷன்) 1 முதல் 4 வரை தரம் பிரிக்கிறார்கள். விமானம் ஓட்ட முதல் தரம் தேவை. தரைப்படையில் கெடுபிடி குறைவு. மூன்றாம் தரத்துக்கு, மார்ட்டின் விளக்கு என்ற சோதனைக் கருவியின் வெள்ளை, சிவப்பு, பச்சை ஒளிகளை 1.5 மீட்டர் தூரத்திலிருந்து சரியாகச் சொன்னால் போதும். புள்ளிப் பக்கங்களில் தடுமாறுகிற சிலர் இதில் தேறிவிடுகிறார்கள்.

காதழுக்கு, கூடுதல் எடை போன்றவை தற்காலிகத் தகுதியின்மைதான். சரிசெய்துகொண்டு மேல்முறையீட்டு மருத்துவக் குழு முன் போகலாம். கண்ணின் நிறக்குறையை அப்படிச் சரிசெய்ய வழி இல்லை. அதனால் கோச்சிங்குக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே, பத்தாம் வகுப்பிலேயே, கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கைப்பேசியில் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம், திரைக்குத் திரை நிறம் மாறும். அச்சிட்ட புத்தகத்தைப் பகல் வெளிச்சத்தில், சுமார் 75 செ.மீ. தூரத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று நொடிதான்.