அழுத்தும் நாற்காலி: வாங்கும் முன் ஒரு கேள்வி

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எங்கள் கிளைக்கு வந்து, தம் வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே முடித்துத் தருமாறு கேட்டார். அவ்வாறு முடித்தால் வட்டி குறையும் என்பதை எடுத்துரைப்பது எங்கள் கடமையாதலால், காரணத்தை வினவினோம். மனைவியாரின் இடக்கால் நான்கு நாள்களாக வீங்கியிருப்பதாகவும், காற்றுப்பைகளால் காலை அமுக்கிவிடும் நாற்காலியை வாங்கினால் வீக்கம் வடிந்துவிடும் என்று விற்பனையாளர் உறுதியளித்ததாகவும் கூறினார். "மருத்துவரிடம் காட்டினீர்களா ஐயா?" என்று கேட்டோம். "இல்லை" என்றார். நாங்கள் மருத்துவர்கள் அல்லர். ஆயினும், ஒரு காலில் மட்டும் திடீரென வந்த வீக்கத்தை முதலில் மருத்துவரிடம் காட்டுமாறும், வைப்புத்தொகையைப் பிறகு முடித்துக்கொள்ளலாம் என்றும் சொல்லி அனுப்பினோம்.

மறுவாரம் அவர் மீண்டும் வந்தார். அம்மையாரின் காலில் ஆழமாக ஓடும் சிரையில் இரத்தம் உறைந்து கட்டியிருந்ததாம். அத்தகைய காலை நாற்காலியில் வைத்து அமுக்கியிருந்தால், அக்கட்டி பெயர்ந்து நுரையீரலைச் சென்றடைந்து உயிருக்கே ஆபத்தாக முடிந்திருக்கக்கூடும் என்று மருத்துவர் சொன்னாராம்.

இந்த நிகழ்ச்சியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. விமான நிலையங்களிலும் வணிக வளாகங்களிலும் மட்டும் காணப்பட்ட அழுத்து நாற்காலிகள் இன்று இல்லங்களுக்குள் வந்துவிட்டன. வெளியூரில் பணிபுரியும் பிள்ளைகள் மாதத் தவணையில் வாங்கிப் பெற்றோருக்கு அனுப்புகின்றனர். அன்பின் பொருட்டு வாங்கப்படும் பொருள் தீங்கு செய்துவிடலாகாது.

நாற்காலி செய்வது என்ன?

நாற்காலியினுள் இருக்கும் சிறு காற்றழுத்தி, கால், இடுப்பு, தோள், கை ஆகிய இடங்களில் உள்ள பைகளில் காற்றை நிரப்பி, சில நொடிகள் இறுக்கிப் பின் தளர்த்துகிறது. உடல்நலமுள்ளவருக்கு இது தசைகளுக்கு இதமளிக்கும், களைப்பைக் குறைக்கும். மருத்துவமனைகளிலும், அறுவைச் சிகிச்சைக்குப் பின் படுக்கையில் இருப்போருக்கு இரத்தம் உறையாதிருக்கக் காற்றழுத்தக் காலுறைகளைப் பயன்படுத்துகின்றனர். ஆனால் அங்கே நோயாளியைப் பரிசோதித்து, அழுத்தத்தை அளந்து வைத்து, கண்காணிக்கின்றனர். வீட்டு நாற்காலிக்கு அமர்ந்திருப்பவர் யார் என்பது தெரியாது. அதனைத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் வாங்குபவர்களே.

யார் மருத்துவரைக் கேட்க வேண்டும்?

முதலாவதாக, சிரையில் இரத்தக்கட்டி உள்ளவர்களும், இருக்கலாம் என்ற ஐயம் உள்ளவர்களும் இதனைப் பயன்படுத்தவே கூடாது. ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி, சூடு, நிறமாற்றம் ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள்.

இரண்டாவதாக, காலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகள் சுருங்கியவர்கள். சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்கால் வலித்து, நின்றால் வலி நீங்குவதும், பாதம் சில்லிட்டிருப்பதும், புண் ஆறாதிருப்பதும் இதன் அடையாளங்கள். ஏற்கெனவே குறைவாக வரும் இரத்தத்தை வெளியழுத்தம் மேலும் குறைத்துவிடும்.

மூன்றாவதாக, நெடுநாள் நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்கள். இறுக்கம் மிகுந்தாலும் அவர்களுக்கு வலி தெரியாது. வலி தெரியாதபோது காயம் ஏற்படுவதும் தெரியாது. சூடேற்றும் வசதியுள்ள நாற்காலியில் தீப்புண்ணும் உண்டாகலாம். நம் நாட்டில் நீரிழிவு பரவலாக இருப்பதால், பெற்றோருக்காக வாங்குவோர் இதனை மறவாமல் நினைவிற்கொள்ள வேண்டும்.

நான்காவதாக, இதயத்தின் செயல்திறன் குறைந்து இரு கால்களும் வீங்கியவர்கள். காலில் தேங்கிய நீரை அமுக்கி மேலே அனுப்பினால், தளர்ந்த இதயத்தின் சுமை கூடும்.

இவர்களன்றி, பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், கருவுற்ற பெண்கள், எலும்புத் தேய்வு உள்ளவர்கள், இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்பவர்கள், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், தோலில் புண் அல்லது தொற்று உள்ளவர்கள் ஆகியோரும் மருத்துவரின் அனுமதியின்றி அமரலாகாது.

நிறுத்தும் பொத்தான் யார் கையில்?

அமெரிக்காவைச் சேர்ந்த டெம்பிள் கிராண்டின் என்னும் அறிவியலாளர் ஆட்டிசம் உடையவர். 1960களில், தம் மனப்பதற்றத்தைத் தணித்துக்கொள்ளத் தம் உடலை இருபுறமும் அழுத்தும் பொறி ஒன்றை அவரே அமைத்தார். அழுத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உள்ளே இருப்பவரின் கையிலேயே இருக்குமாறு அது அமைந்திருந்தது. எல்லா அழுத்து நாற்காலிகளுக்கும் இதுவே அளவுகோல் எனலாம். தாமாக நிறுத்த இயலாத முதியவர், மறதி நோயாளர், பேச இயலாதவர் ஆகியோரைத் தனியே அமர்த்திவிட்டு அகலக் கூடாது. குழந்தைகள் நாற்காலியின் மீதோ அடியிலோ விளையாட விடலாகாது. மடங்கும் கால்தாங்கியினுள் சிறு கைகால்கள் சிக்கிக்கொள்ளும்.

ஒரு முறைக்கு 15 நிமிடங்கள் போதுமானவை. மிகக் குறைந்த அழுத்தத்தில் தொடங்குக. எழுந்த பின் தோலைப் பார்த்து, மறையாத சிவப்போ மரப்போ இருப்பின் நிறுத்திவிடுக. சேலைத் தலைப்பு, துப்பட்டா, நீண்ட கூந்தல் ஆகியவை உருளைகளில் சிக்காதவாறு ஒதுக்கிக்கொள்க. உறை கிழிந்த நாற்காலியை இயக்க வேண்டா. எர்த் இணைப்புள்ள மூன்று முனைப் பிளக்கையே பயன்படுத்துக.

பணம் செலுத்தும் முன்

"நோய் தீரும்" என்று விற்பனையாளர் சொன்னால், அதனை எழுத்தில் தருமாறு கேளுங்கள். மருத்துவப் பயன் கூறி விற்கப்படும் கருவிகள் 2017 ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகளுக்கு உட்பட்டவை. பயன்படுத்துபவரையே கடைக்கு அழைத்துச் சென்று அமர்த்திப் பாருங்கள்; கையேட்டில் உள்ள எச்சரிக்கைப் பக்கத்தைப் பணம் செலுத்தும் முன்பே படியுங்கள். திருப்பித்தரும் நிபந்தனையைப் பட்டியலில் எழுதி வாங்குங்கள்.

தவணையில் வாங்குவோர் மேலும் இரண்டைக் கவனிக்க வேண்டும். "வட்டியில்லாத் தவணை" என்பதில் வட்டி பெரும்பாலும் செயலாக்கக் கட்டணத்திலோ கிடைக்காமற்போகும் தள்ளுபடியிலோ மறைந்திருக்கும். ஆதலால் கடனுக்கான முக்கியத் தகவல் அறிக்கையில் உள்ள ஆண்டுச் சதவீத விகிதத்தைப் பாருங்கள். நாற்காலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் கடனும் தானே முடிந்துவிட்டதாக எண்ண வேண்டா. கடன் கணக்கு முடிக்கப்பட்டதை எழுத்தில் பெறுங்கள்.

குறை நேர்ந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 உள்ளது. 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழுதுள்ள பொருளால் விளைந்த தீங்கிற்கு உற்பத்தியாளரையும் விற்பனையாளரையும் பொறுப்பாக்குகிறது. செலுத்திய விலை 50 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம். பட்டியலையும் உத்தரவாத அட்டையையும் பத்திரப்படுத்தி வைப்பது இதற்காகவே.

அந்த ஆசிரியரின் வைப்புத்தொகை முதிர்வு நாள் வரை தொடர்ந்தது. அம்மையார் சிகிச்சையால் தேறி வருகிறார். நாற்காலி வேண்டுமா என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யப்போவதாக ஆசிரியர் கூறினார். விலை என்ன, தவணை எவ்வளவு என்று கேட்பதற்கு முன், யார் அமரப்போகிறார், அவர் உடல்நிலை எத்தகையது என்று கேட்போம்.