வெளியேற மறுக்கும் காவல்காரன்

சென்ற மாதம் நமது சங்கக் கூட்டம் முடிந்து காபி அருந்திக் கொண்டிருந்தபோது அன்பர் ஒருவர் என்னிடம் வந்தார். "ஸார், என் கம்ப்யூட்டரில் ஆன்டிவைரஸ் சந்தா முடிந்துவிட்டது. எடுத்துவிடலாம் என்றால் போகமாட்டேன் என்கிறது. தினமும் பணம் கட்டு, பணம் கட்டு என்று உயிரை வாங்குகிறது" என்று குறைப்பட்டார். பக்கத்தில் இருந்த இருவரும் "எங்கள் வீட்டிலும் அதே கதைதான்" என்றார்கள். கேட்டுக் கொண்டிருந்த ஆசிரியர், இதையே கட்டுரையாக எழுதித் தரும்படி பணித்துவிட்டார்.

நான் கம்ப்யூட்டர் நிபுணன் அல்லன். டிப்ளமோ முடித்து ரயில்வே சிக்னல் பிரிவில் சேர்ந்து, நாகபுரியில் ஓய்வு பெற்றவன். ஆனால் இதே தொல்லையில் சிக்கி, மயிரிழையில் தப்பியவன் என்ற தகுதி எனக்கு உண்டு.

என் கம்ப்யூட்டர் வாங்கும்போதே அதில் ஓர் ஆன்டிவைரஸ் இருந்தது. சில மாதங்கள் இலவசம், பிறகு கட்டணம். அதை எடுக்காமலேயே இன்னொன்றை வாங்கிப் போட்டோம். ஒரு வாசலில் இரண்டு காவல்காரர்கள் நின்றால் என்ன ஆகும்? வருகிறவனை இருவரும் சோதிப்பார்கள். ஒருவரை ஒருவர் சந்தேகிப்பார்கள். பென்ஷன் வரவைப் பார்க்க பாங்குப் பக்கத்தைத் திறந்தால், அது வருவதற்குள் காபி ஆறிவிடும்.

பழையதை நீக்கப் பார்த்தேன், பாதியில் நின்றது. அது இருக்கும் ஃபோல்டரையே அழிக்கப் பார்த்தேன். அனுமதி இல்லை என்றது. பொறுமை இழந்து, இன்டர்நெட்டில் 'கஸ்டமர் கேர்' என்று தேடி, முதலில் கண்ணில் பட்ட எண்ணுக்கு போன் செய்தேன். தேனொழுகப் பேசிய ஒருவர், தூரத்திலிருந்தே என் கம்ப்யூட்டரை இயக்க ஒரு மென்பொருளைப் போடச் சொன்னார். போட்டேன். திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. சிறிது நேரத்தில், "பழைய சந்தாப் பணத்தைத் திருப்பித் தருகிறோம், பாங்குக் கணக்கைத் திறங்கள்" என்றார்.

அந்த நேரம் சமையலறையிலிருந்து வந்த என் மனைவி, "யாருங்க அது? முகம் தெரியாதவனுக்கு பீரோ சாவியைக் கொடுப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு, மோடத்தின் ஒயரைப் பிடுங்கிவிட்டாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஸ்டேஷன் மாஸ்டர்கள் 'பிரைவேட் நம்பர்' பரிமாறி உறுதி செய்து கொள்ளாமல் ரயில் நகராது என்பதைப் பணிக்காலம் முழுவதும் பார்த்தவன் நான். அதே நான், யார் என்று உறுதி செய்யாமல் வீட்டுக்குள் ஆளை விட்டுவிட்டேன்! உடனே வேறொரு போனிலிருந்து பாங்குக்குச் சொல்லி கணக்கைப் பூட்டினேன். தூர இயக்க மென்பொருளை நீக்கினேன், பாஸ்வேர்டுகளை மாற்றினேன். பணம் போகவில்லை.

பிறகு நிதானமாக யோசித்தபோது விஷயம் விளங்கியது. ஆன்டிவைரஸ் நீங்க மறுப்பது பெரும்பாலும் கோளாறு அல்ல. அது ஒரு பூட்டு. கம்ப்யூட்டருக்குள் நுழையும் கெட்ட மென்பொருள் முதலில் செய்யப் பார்ப்பது காவல்காரனை வெளியேற்றுவதுதான். ஆகவே யார் சொன்னாலும் எளிதில் போகாதபடி அதற்குத் தற்காப்பு வைத்திருக்கிறார்கள். 'போ' என்பது வீட்டுக்காரரா திருடனா என்று அதற்குத் தெரியாது.

எங்கள் சிக்னல் கேபினில் இதற்கு 'இன்டர்லாக்கிங்' என்று பெயர். சிக்னல் கொடுத்திருக்கும்போது பாயிண்ட் லீவரை எவ்வளவு பலமாக இழுத்தாலும் அசையாது. முதலில் சிக்னலைப் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும். பிறகே பாயிண்ட் நகரும். இங்கும் பலம் உதவாது, வரிசைதான் உதவும். விண்டோஸ் கம்ப்யூட்டருக்கான வரிசை இதோ:

1. முக்கியமான படங்களையும் கடிதங்களையும் பென் டிரைவில் பிரதி எடுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் நுழையுங்கள். ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்டேட் ஏதாவது அரைகுறையாக நின்றிருந்தால் இதிலேயே சரியாகிவிடலாம்.

2. அந்த ஆன்டிவைரஸைத் தயாரித்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்துக்குப் போய், அதை நீக்குவதற்கென்றே அவர்கள் தரும் கருவி இருந்தால் இறக்கி வைத்துக் கொள்ளுங்கள். முகவரியை வாங்கிய பெட்டியைப் பார்த்து நீங்களே டைப் செய்யுங்கள். தேடலில் வரும் விளம்பரத்தைத் தொடாதீர்கள்.

3. இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். ஆன்டிவைரஸின் செட்டிங்ஸ் பகுதிக்குப் போய் 'செல்ஃப் புரொடெக்‌ஷன்' அல்லது 'செல்ஃப் டிஃபென்ஸ்' என்றிருப்பதை அணையுங்கள். பாஸ்வேர்டு வைத்திருந்தால் கேட்கும். இதுவே சிக்னலைத் திருப்பும் வேலை.

4. விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தினால் சிறு கட்டம் வரும். அதில் ஆங்கிலத்தில் ஏ, பி, பி, டபிள்யூ, ஐ, இஸட், புள்ளி, சி, பி, எல் என்று இடைவெளியின்றி அடித்து என்டர் தட்டுங்கள். வரும் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்து 'அன்இன்ஸ்டால்' கொடுங்கள். பெரும்பாலோர்க்கு இங்கேயே வேலை முடியும்.

5. முடியாவிட்டால் 'சேஃப் மோடு'. ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து, டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போய், 4 என்ற எண்ணை அழுத்துங்கள். அங்கே இறக்கி வைத்த கருவியை இயக்குங்கள். ஒரு எச்சரிக்கை: சில கம்ப்யூட்டர்கள் இப்போது 48 இலக்க 'பிட்லாக்கர்' மீட்புச் சாவியைக் கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக் குறித்துக் கொள்ளுங்கள்.

6. மீண்டும் ரீஸ்டார்ட் செய்து, 'விண்டோஸ் செக்யூரிட்டி'யைத் திறந்து பாருங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் என்ற காவல்காரன் கூடவே வருகிறான். மற்றவன் போனதும் இவன் தானே பொறுப்பேற்பான். பிறகு இன்டர்நெட்டை இணையுங்கள்.

என்னைப்போல் ஃபோல்டரை அழிக்கப் பார்க்காதீர்கள். ஆன்டிவைரஸின் வேர்கள் விண்டோஸின் அடித்தளம் வரை ஓடுகின்றன. 2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளின் தவறான அப்டேட்டினால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில்கூட போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். வேர் அவ்வளவு ஆழம்.

இன்னும் இரண்டு விஷயங்கள். மென்பொருளை நீக்குவதால் சந்தா நிற்காது. கார்டிலிருந்து ஆண்டுதோறும் தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாடு இருந்தால் தனியாக ரத்து செய்ய வேண்டும். அலுவலகம் கொடுத்த கம்ப்யூட்டர் என்றால் கை வைக்காதீர்கள். அந்தப் பூட்டின் சாவி அவர்களிடம்தான்.

எங்கள் பிரைவேட் நம்பரைப் போன்றதுதான் உங்கள் போனுக்கு வரும் ஓ.டி.பி. அதை யாருக்கும் சொல்லக் கூடாது. யாராவது ஏமாற்றிவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தைத் தடுக்க வழியுண்டு.

காபி வேளையில் கேட்ட அன்பரின் வீட்டுக்குப் போன ஞாயிறு சென்றேன். நான்காம் படியிலேயே வேலை முடிந்தது. எந்தப் படியிலாவது தடுமாறினால் முகம் தெரியாதவரை அழைக்க வேண்டாம். சங்கத்தில் என்னிடம் சொல்லுங்கள், நேரில் வருகிறேன். காபி மட்டும் போதும்.