இரத்தப் பரிசோதனையில் சி.ஏ.125 கூடியிருந்தால்

பெண்களுக்கான முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகள் பலவற்றில் இப்போது ‘ட்யூமர் மார்க்கர்’ எனப்படும் புற்றுநோய்க் குறியீடுகளும் இடம்பெறுகின்றன. பழைய வருமான வரி முறையில் இத்தகைய தடுப்புப் பரிசோதனைக்கு ரூ.5,000 வரை கழிவு உண்டு என்பதால் பலரும் ஆர்வத்துடன் செய்துகொள்கின்றனர். எந்தத் தொல்லையும் இல்லாத இருபத்தைந்து வயதுப் பெண்ணின் அறிக்கையில், சி.ஏ.125 என்ற வரிக்கு எதிரே தடித்த எழுத்தில் ஓர் எண் நிற்கும்போது குடும்பமே உறக்கம் இழக்கிறது. சிகிச்சைக்குப் பணம் வேண்டுமென்று நிலை வைப்பை முன்கூட்டியே முடிக்க வருவோரையும் நாங்கள் கண்டிருக்கிறோம்.

சி.ஏ.125 நலமுள்ளோரின் இரத்தத்திலும் சிறிதளவு இருக்கும் ஒரு புரதம். அமெரிக்க மருத்துவர் ராபர்ட் பாஸ்ட் குழுவினர் 1981இல் இதனை அறிவித்தனர். சினைப்பைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோரிடம் நோய் தணிகிறதா, திரும்புகிறதா என்று பார்ப்பதே இதன் முதன்மைப் பயன். மில்லிலிட்டருக்கு 35 அலகு என்பது வழக்கமான மேல் எல்லை. மாதவிலக்கு நாட்கள், கர்ப்பத்தின் தொடக்க மாதங்கள், எண்டோமெட்ரியோசிஸ், கருப்பை நார்க்கட்டி, இடுப்புப் பகுதித் தொற்று, கல்லீரல் நோய் ஆகிய யாவும் இதனை உயர்த்த வல்லவை. நம் நாட்டில் வயிற்றுக் காசநோயையும் மறத்தலாகாது. அதில் இவ்வெண் பல நூறைத் தொடுவதுண்டு. இவற்றுள் பல இளம் வயதினருக்கே உரியவை.

கணக்காகவும் பார்க்கலாம். நலமுள்ள இளம்பெண்கள் 10,000 பேரைச் சோதித்து, நூற்றில் ஒருவருக்கே எல்லை மீறியதாகக் கொண்டாலும் 100 பேர் அஞ்ச நேரிடும். இவ்வயதில் சினைப்பைப் புற்றுநோய் மிக அரிது. அந்த நூறு பேரில் ஒருவருக்கும் அது இல்லாதிருக்கலாம். வங்கிக் கணினி ஒரு பரிவர்த்தனையைச் சந்தேகத்துக்குரியதெனக் காட்டினால், அதையே மோசடி என்று நாங்கள் முடிவு கட்டுவதில்லை அல்லவா? மறுபுறம், தொடக்க நிலைப் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இவ்வெண் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. பிரிட்டனில் 50 முதல் 74 வயது வரையிலான இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வு, இச்சோதனையை அடிப்படையாகக் கொண்ட கண்காணிப்பு இறப்பைக் குறைக்கவில்லை என்று 2021இல் தெரிவித்தது.

எண் கூடியிருப்பின் மகப்பேறு மற்றும் மகளிர் நோய் மருத்துவரிடம் அறிக்கையைக் காட்டுக. இரத்தம் எடுத்த நாள் மாதவிலக்கு நாளா என்பதைத் தவறாமல் கூறுக. பெரும்பாலும் வயிற்று ஸ்கேன் செய்து, சில வாரங்கள் கழித்து அதே ஆய்வகத்தில் மறுபடி அளந்து பார்ப்பார்கள். ஆய்வகம் மாறினால் அளவும் மாறக்கூடும். எண் தொடர்ந்து ஏறினாலோ, வயிற்று உப்புசமும் வலியும் நீங்காமல் இருந்தாலோ, தாய்க்கோ சகோதரிக்கோ மார்பக அல்லது சினைப்பைப் புற்றுநோய் இருந்திருந்தாலோ காலம் தாழ்த்தலாகாது. பரிசோதனைக்குச் செலவிட விரும்புவோருக்கு, முப்பது வயதுக்கு மேல் செய்யும் கருப்பை வாய்ப் பரிசோதனை இதைவிடப் பன்மடங்கு பயன் தரும் என்பது எங்கள் கருத்து.

இந்நிலையில் புதிய மருத்துவக் காப்பீட்டுக்கு விண்ணப்பிப்போர், படிவம் கேட்கும் பரிசோதனை விவரங்களை மறைத்தலாகாது. மறைத்தது பின்னர் தெரியவந்தால் இழப்பீட்டுக் கோரிக்கை மறுக்கப்படலாம். மறுபரிசோதனை அறிக்கையையும் மருத்துவர் எழுதிய குறிப்பையும் விண்ணப்பத்துடன் இணைத்து, நகலைத் தங்களிடம் வைத்துக்கொள்க.