கம்ப்யூட்டர் விளையாட்டில் இட்லித் தட்டு!
கற்பனை உலகத்தை வரையும் ஓவியர்கள்

அஸ்தினாபுரம் எங்கே இருக்கிறது?

பாரதக் கதை கேட்டவர்கள், "அது கௌரவர்களின் தலைநகர்" என்பார்கள். தாம்பரம் பக்கத்து ஆட்களைக் கேட்டால், "குரோம்பேட்டையில் இறங்கிக் கிழக்கே போங்கள்" என்பார்கள். இருவர் சொல்வதும் சரிதான்!

கதையில் வரும் அஸ்தினாபுரத்தை நாம் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த அரண்மனை எப்படி இருக்கும் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு படம் சொல்வோம். கூத்தில் பார்த்தது, காலண்டரில் பார்த்தது, சினிமாவில் பார்த்தது. எல்லாம் யாரோ ஓவியர் நம் மனதில் போட்டு வைத்த படம்.

இன்றைய பிள்ளைகள் வேறு கோட்டைகளையும் வரைகிறார்கள். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பறக்கும் தீவு, நெருப்புக் கக்கும் பூதம், வாள் பிடித்த சிறுமி! எல்லாம் வீடியோ விளையாட்டில் வரும் உலகம்.

"செல்போனைப் பார்த்துக் கெட்டுப் போகிறான்" என்று தாய்மார்கள் கோபப்படுகிறார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. விடிய விடிய விளையாடினால் தூக்கமும் போகும், படிப்பும் போகும். பணம் கட்டி ஆடும் விளையாட்டோ குடும்பத்தையே குட்டிச்சுவராக்கும். ஆனால், பென்சிலும் கையுமாக உட்கார்ந்து வரைகிற பிள்ளையையும் அதே கணக்கில் சேர்க்கலாமா?

ஜப்பான் ஓவியர்

1987-ம் ஆண்டில் ஜப்பானில் "பைனல் பேன்டசி" என்ற விளையாட்டு வெளிவந்தது. அந்தக் காலத்து மெஷினுக்குச் சக்தி குறைவு. வீரன் என்றால், சின்னச் சின்னக் கட்டங்கள் சேர்ந்த ஒரு பொம்மை. அவ்வளவுதான்!

ஆனால், அந்த விளையாட்டுக்குச் சித்திரம் எழுதியவர் யோஷிடகா அமானோ. மெலிந்த உடல், காற்றில் அலையும் தலைமுடி, கனவில் வருவது போன்ற முகம். அவர் வரைந்ததில் நூற்றில் ஒரு பங்குகூடத் திரையில் தெரியவில்லை. மிச்சத்தை, விளையாடியவர்கள் தங்கள் மனதில் நிரப்பிக் கொண்டார்கள். அந்தச் சித்திரங்களைப் பிற்காலத்தில் கண்காட்சியில் வைத்தார்கள்.

நியூயார்க் நகரில் உள்ள நவீன கலை மியூசியம், 2012-ல் 14 வீடியோ விளையாட்டுகளைத் தன் சேகரிப்பில் சேர்த்தது.

வீட்டை விற்றார்!

நம் நாட்டுக் கதை இது. புனா நகரில் ஒரு சிறு கூட்டம் சேர்ந்து "ராஜி" என்ற விளையாட்டைச் செய்யத் தொடங்கியது. ராஜி, வித்தை காட்டிப் பிழைக்கும் பெண். அவள் தம்பி கோலுவை அசுரர்கள் தூக்கிப் போய்விடுகிறார்கள். தம்பியை மீட்க அவள் புறப்படுகிறாள்.

இதன் கோட்டைகளுக்கு ராஜஸ்தான் கட்டிடங்கள் மாதிரி. வண்ணத்துக்கு, இமயமலை அடிவாரத்துப் பஹாரி ஓவியங்கள். கதை சொல்லும் இடங்களில் நிழல் பொம்மைகள் வருகின்றன. தோல்பாவைக் கூத்து பார்த்த நமக்கு அது பழகின சங்கதி!

படம் அழகாக இருந்தால் போதுமா? பணம் வேண்டுமே! 2017-ல் இண்டர்நெட் வழியாகப் பொது மக்களிடம் பணம் கேட்டார்கள். கேட்ட தொகை சேரவில்லை. நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் தம் வீட்டை விற்றுப் பணம் போட்டார். 2020-ல் "ராஜி" வெளிவந்தது. அந்த ஆண்டின் சிறந்த முதல் படைப்புக்கான சர்வதேசப் பரிசுப் போட்டியில் இறுதிப் பட்டியல் வரை போனது. வீட்டை விற்கிற துணிச்சல் எல்லோருக்கும் வராது, வரவும் வேண்டாம்.

வெண்பாவின் சமையல் அறை

எனக்குப் பிடித்தது "வெண்பா". கனடாவில் டொரான்டோ நகரில் உள்ள "விசை கேம்ஸ்" நிறுவனத்தார் செய்தது. 2023 ஜூலையில் வெளிவந்தது. இதில் அரக்கன் கிடையாது, சண்டை கிடையாது. 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவில் குடியேறிய தம்பதியின் கதை. மனைவி பெயர் வெண்பா, கணவர் பாவலன், பிள்ளை கவின்.

விளையாட்டு என்ன தெரியுமா? சமையல்! வெண்பாவிடம் அவள் தாயாரின் பழைய சமையல் நோட்டு இருக்கிறது. பக்கங்கள் கிழிந்து, எழுத்து அழிந்து போயிருக்கிறது. அழிந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். முதல் நாள் இட்லி. ஒரு தட்டின் குழிக்கு நேராக அடுத்த தட்டின் குழி வந்தால் இட்லி நசுங்கும். மாற்றி அடுக்க வேண்டும். நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லியா தர வேண்டும்? வெள்ளைக்காரப் பிள்ளைகள் திண்டாடிப் போனார்கள்! பிறகு புட்டு, பிரியாணி என்று வரிசையாக வருகின்றன. எவர்சில்வர் பாத்திரங்களையும், ஆவியையும், எண்ணெயில் கடுகு பொரிவதையும் ஓவியர்கள் வரைந்திருக்கும் அழகைப் பார்த்தால் நாக்கில் நீர் ஊறும். 2024-ல் லண்டனில் "பாப்டா" பரிசு கிடைத்தது, சிறந்த முதல் படைப்பு என்று.

பள்ளிக்கூடத்தில் கவின், "கெவின்" ஆகிவிடுகிறான். தமிழில் பேசினால் இங்கிலீஷில் பதில் சொல்கிறான். அம்மா கட்டிக் கொடுத்த சாப்பாட்டைக் கண்டு கூச்சப்படுகிறான்.

பிறகு வளர்ந்து, தனியாக வாழும் காலத்தில், பாட்டியின் சமையல் நோட்டை அவனே கையில் எடுக்கிறான். அம்மா செய்ததைத் தானும் செய்து பார்க்க ஆசை. ஆனால், நோட்டு தமிழில் இருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். பாதி புரிகிறது, பாதி புரியவில்லை. அடுப்பு காத்திருக்கிறது.